மட்டிக் கறியும் மகளின் கழுத்தும்

ஞாயிறு பகல் ஒன்று இருபதுக்கு என் மகள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். பாடசாலை நூலகத்திலிருந்து எடுத்து வந்த அறிவியல் சஞ்சிகை மடியில் விரிந்து கிடந்தது.

"அம்மா, மட்டிக் கறிய அங்கிட்டு வைங்க. இதக் கேளுங்க."

கேட்டேன். கடலில் சில நுண்ணிய பாசிகள் நஞ்சை உண்டாக்குமாம். அவற்றைத் தின்னும் மட்டியிலும் சிப்பியிலும் அது சேருமாம். அவித்தாலும் காயவைத்தாலும் போகாதாம். அந்த நஞ்சு தனியாகப் புற்றைத் தொடங்கி வைப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன உயிர்க்கலம் ஒன்று உடம்பில் இருந்தால், அதன் வளர்ச்சியை அடக்கிவைத்திருக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடக்கூடும். எலியின் தோலில் பூசிப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. கடலைப் பருப்பளவில் கண்டது, ஆறு மாதத்தில் பாக்கு அளவாகியிருந்தது. மூன்று நாளுக்கு முன்புதான் கண்டி ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். முடிவு வர இரண்டு வாரம். அந்த ஆறு மாதமும் ஞாயிறு தவறாமல் அவளுக்கு மட்டி சமைத்துப் போட்டது நான்.

எங்கள் தேயிலை மலையில் கழுத்து வீங்கினால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: கடல் சத்து போதவில்லை. தொழிலாளர் லயத்தில் சொன்னார்கள், மருத்துவிச்சி சொன்னார், ஆசிரியர் அறையிலும் சொன்னார்கள். கணிதம் படிப்பிக்கிற நானும் நம்பினேன். அயடின் உப்பு நோர்வூட் கடையிலேயே கிடைத்தது. அது போதாதென்று கடற்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நாத்தனாருக்குக் கடிதம் போட்டேன். அவர் காய்ந்த மட்டியைப் பை பையாக லொறியில் அனுப்பினார். கடலோடு வாழாதவர்களுக்குத்தான் கடலிலிருந்து வருவதெல்லாம் மருந்து.

தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த என் கணவருக்கு வேறு கவலை. என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எங்க அக்கா வெசம் அனுப்புனாங்கங்கிறியா?"

"நான் அப்படியா சொன்னேன்? இருக்கலாம்னு சொல்றேன்."

"இருக்கலாம்னா இல்லாமலும் இருக்கலாம்ல?" என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். அக்காவின் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதர் எவ்வளவு சாப்பிடுவார் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன். மருந்து கொடுப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வயித்தால போகுதா, டீச்சர்?"

"இல்லீங்க. கட்டி வளருமான்னு கேக்குறேன்."

"வாந்தியாச்சும் இருக்கா?"

"இல்லீங்க!"

"அப்ப மட்டியில ஒண்ணுமில்ல, போங்க." பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள் இரண்டு பக்கட்டைக் கையில் திணித்தார். அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு நாள் பெரிதாகத் தெரிந்தது, மறுநாள் சிறிதாக. அடிமட்டத்தை வைத்து அளக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க தடவித் தடவியே அத வளத்துருவீங்கம்மா."

முடிவு கிடைக்கும் நாளில் எங்கள் பாடசாலையில் தவணைப் பரீட்சை. லீவு இல்லையென்றார்கள். தகப்பனும் மகளும் கண்டிக்குப் போனார்கள். விடைத்தாள் கட்டோடு நாலரைக்கே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். மூன்று பஸ் வந்தது, அவர்கள் இல்லை. யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது. நான் சமைத்த சட்டி மட்டுமே கண்ணுக்குள் நின்றது.

நான்காவது பஸ்ஸிலிருந்து அவள் முதலில் இறங்கினாள்.

"சும்மா கழலதான்மா, புத்து இல்ல," என்றாள். "வளந்ததுக்கு மட்டி காரணமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். தெரியாதுன்னாரு. இத்தன பேர்ல அவரு ஒருத்தருதான் தெரியாதுன்னு சொன்னாரு. ஆறு மாசங் கழிச்சு மறுபடி காட்டணும்."