சுவிட்சை அணைத்தவர்

முதல் சர்வீஸ் முடிந்து சைக்கிளை எடுத்துவந்த மறுநாள் காலை, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் எனக்கு பிரேக் பிடிக்கவில்லை. சிவப்பு விழுந்து, முன்னால் போன பேருந்து நின்றது. வலது கை பிரேக்கை அழுத்தினேன். அது ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. இடது கை பிரேக் கொஞ்சம் பிடித்தது, மீதியை என் செருப்புகள் பார்த்துக்கொண்டன. முன்சக்கரம் பேருந்தின் பின்பக்கத் தகரத்தில் இடித்து நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "பாத்து வாம்மா" என்றாள். செருப்பின் வார் அறுந்ததோடு சரி.

அது மின்சார சைக்கிள். சேலையூரில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்குப் போய்வர வாங்கியது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓரமாகத் தள்ளிப்போய்க் குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தருகே பிரேக் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து, கேபிள் நழுவியிருந்தது. தாம்பரத்தில் சர்வீஸ் செய்த கடைக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

"நாங்க டைட் பண்ணித்தான் குடுத்தோம் மேடம்," என்றார் மேனேஜர். "நைட்டு பார்க்கிங்ல யாராவது கை வச்சிருப்பாங்க. உங்க அப்பார்ட்மென்ட்ல யாருக்காவது உங்க மேல கோபமா?"

கோபம் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தள வீட்டில், ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர் மனைவியோடு இருக்கிறார். நான் சைக்கிளை சார்ஜ் போடும் பிளக், அவருடைய படுக்கையறை ஜன்னலை ஒட்டிய தூணில் இருக்கிறது. சைக்கிள் வந்த வாரமே அவர் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, "டீச்சர், நீங்க என் ஜன்னலுக்குக் கீழ பாம் வைக்கறீங்க" என்றார். நான் வாரண்டி அட்டையைக் காட்டினேன். "வெடிச்சதுக்கப்புறம் அந்த அட்டைய எங்க போய்க் காட்டுவீங்க?" என்று கேட்டார். கூட்டம் என் பக்கம் நின்றது. அன்றிலிருந்து அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

போல்ட்டை நானே இறுக்கினேன். பிறகு ஒரு வெள்ளை மார்க்கரால் போல்ட்டின் தலையிலிருந்து அதைச் சுற்றியுள்ள இரும்பு வரை ஒரே கோடாக இழுத்தேன். யாராவது போல்ட்டைத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கைப்பிடி, பெடல், பின்பிரேக் என்று எல்லா இடத்திலும் கோடு போட்டேன். காலையில் கிளம்பும் முன் டயரை அமுக்கிப் பார்ப்பேன். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுவேன். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி செயின் சத்தத்தைக் கேட்பேன். பேட்டரியை ஆட்டிப் பார்ப்பேன், பூட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. இதையெல்லாம் செய்யும்போது கண் அவர் ஜன்னலில் இருக்கும். ஜன்னல் திரை லேசாக ஆடும். அவரும் என்னைப் பார்க்கிறார் என்று தெரியும்.

கோடுகள் உடையவே இல்லை. ஆனால் சார்ஜ் குறைந்தது.

பள்ளியிலிருந்து வந்ததும் பிளக்கைச் செருகிவிட்டு மாடிக்குப் போவேன். சமையல் முடித்துவிட்டு எடுக்க வந்தால் பேட்டரி பாதிதான் ஏறியிருக்கும். ஒருநாள்தான் கவனித்தேன், சார்ஜரில் விளக்கே எரியவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. நான் அதைப் போட்டுவிட்டுத்தான் போனேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கணவர், "மறந்திருப்ப" என்றார். அவர் மேலும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

அடுத்த நாள் மாலை பிளக்கைச் செருகிவிட்டு மேலே போவதுபோலப் போய், படிக்கட்டின் திருப்பத்தில் நின்றேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அவர் வந்தார். மாடி ஜன்னல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தூணருகே குனிந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எடுத்தார்.

"ஆமா, நான்தான் அணைக்கறேன். தினமும் அணைக்கறேன். என்ன பண்ணுவீங்க?"

"பிரேக்கும் நீங்கதானா?"

"எந்த பிரேக்?" முகத்தில் உண்மையான குழப்பம். "டீச்சர், முதல்ல இதைத் தொட்டுப் பாருங்க."

சார்ஜரைத் தொட்டேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல விரலை இழுத்துக்கொண்டேன். பேட்டரியும் சுட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை லேசாக வந்தது.

"உங்ககிட்ட சொன்னா மறுபடி அட்டைய காட்டுவீங்க," என்றார் அவர். "முன்னாடி இப்படிச் சுடாது. நான் அப்பவும் தொட்டுப் பாத்திருக்கேன். இப்ப ஒரு பத்துப் பதினைஞ்சு நாளாத்தான்."

சர்வீஸுக்குப் பிறகு என்று அர்த்தம். கடையில் சார்ஜரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவர் டார்ச் அடிக்க, நான் சார்ஜரைத் துணியால் பிடித்துத் திருப்பினேன். என் பேட்டரியில் முப்பத்தாறு வோல்ட் என்று அச்சடித்திருந்தது. சார்ஜர் ஸ்டிக்கரில் நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரிக்கு என்று இருந்தது. அதே கறுப்புப் பெட்டி, அதே பின். ஆனால் என்னுடையது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். சைக்கிளை ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றி நானும் உட்கார்ந்துகொண்டேன், அவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். எனக்கு ஆதரவாக வருகிறாரா, நான் உண்மையைச் சொல்கிறேனா என்று சரிபார்க்க வருகிறாரா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் சார்ஜரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்லயே வேற ஏதாவது சார்ஜர் மாறியிருக்கும் மேடம்."

"அவங்க வீட்ல ஒரு சைக்கிள்தான் இருக்கு," என்றார் கீழ்வீட்டுக்காரர். "இங்க மாறலன்னா, அதே நாள் சர்வீஸுக்கு வந்த மத்தவங்களுக்கு எங்க முன்னாடி போன் போட்டுக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

மேனேஜர் தயங்கினார். அந்தத் தயக்கம்தான் எங்கள் இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்தது. கடைசியில் போட்டார். எடுத்த குரல் எரிச்சலாக இருந்தது.

"இன்னா சார், புது பேட்டரி வந்துச்சா?"

மேனேஜர் அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் போனார். கீழ்வீட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டினார். நான் போனை வாங்கி, "தம்பி, உங்க சார்ஜர்ல எத்தனை வோல்ட்னு போட்டிருக்கு, பாருங்க" என்றேன். பையைத் துழாவும் சத்தம் கேட்டது. பிறகு, "முப்பத்தாறுன்னு கீதுக்கா. ஏன்?" என்றது குரல்.

போனில் பேசியவரை வரச் சொன்னோம். அவர் பொழிச்சலூரிலிருந்து தன் மின்சார சைக்கிளோடு வந்து சேர்ந்தார். உணவகங்களிலிருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. என் சார்ஜர் அவர் பையில் இருந்தது. அவருடைய நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரிக்கு அது போதாது, எவ்வளவு நேரம் போட்டாலும் ஏறாது.

"பேட்டரி பூட்ச்சு, புதுசு போடணும்னு நீதானே சொன்ன?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார். "சாப்பாட்டு மூட்டைய வச்சிக்கினு பெடல் மிதிச்சே சுத்திக்கினு கீறேன். ஒரே பேஜாராப் போச்சு."

"தெரியாம மாறிடுச்சுப்பா," என்றார் மேனேஜர்.

"மாறினது தெரியாமத்தான் இருக்கும்," என்றார் கீழ்வீட்டுக்காரர். "பேட்டரி போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி சார்ஜர பாத்தீங்களா இல்லையா?"

மேனேஜர் மேசையிலிருந்த ரசீதுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். சார்ஜரைப் பார்த்திருப்பார் என்று நான் இன்றும் நினைக்கிறேன். நிரூபிக்க வழியில்லை.

சார்ஜர்களை மாற்றிக்கொண்டோம். பொழிச்சலூர்க்காரரின் பேட்டரி அங்கேயே ஏற ஆரம்பித்தது. எங்கள் முன்னாலேயே என் பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். கெடவில்லை. பிரேக் போல்ட் பற்றிக் கேட்டதும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. பெருங்களத்தூரில் வேறொருவரிடம் விடுகிறேன். விடுகிறேன் என்பதுகூடத் தவறு, முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். "நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கியபின் என்னிடமே ஸ்பேனரைக் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

கீழ்வீட்டுக்காரர் இப்போது வணக்கம் சொல்கிறார். அடுத்த கூட்டத்தில், பிளக்கை வீடுகளிலிருந்து தள்ளி கேட் பக்கச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்று அவர் எழுந்தபோது நானும் ஆமோதித்தேன். மேலே தகரம் போட்டு, தனி சுவிட்சும் வைத்தார்கள். அடுத்த வாரமே, தூணருகே என் சைக்கிள் நின்ற நிழலான இடத்தில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்ன சார் இது?" என்றேன்.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் டீச்சர்," என்றார். அப்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.