அண்ணன் பார்த்த படங்களில் எனக்கு வந்த பங்கு

அண்ணனின் வருஷத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி அண்ணி எழுதுவதே முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும் பாக்கியம் அண்ணிக்குக் கிடைத்தது, எழுதும் பாக்கியமாவது எனக்கு இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கேட்காமலே எல்லாம் கிடைத்தவர்களுக்கு விட்டுக்கொடுப்பது சுலபம்.

அண்ணன் பிறந்தது ஜோலார்பேட்டையில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பெங்களூருக்கு மாற்றலாகி வந்து ஒக்கலிபுரத்தில் குடியேறிய சில வருஷங்களில் அவர் காலமானார். அண்ணனுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு சிட்டி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் தாங்கினார்.

அந்த ஆபீஸுக்கு மாம்பழக் கூடைகளோடும் பட்டு மூட்டைகளோடும் சினிமாப் பெட்டிகளும் வரும். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தே எந்த தேசத்துப் படம் என்று அண்ணன் தெரிந்துகொள்வார். ஜெர்மன் படமோ ருஷ்யப் படமோ வந்துவிட்டால் அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குக் கண்டோன்மெண்ட் கொட்டகையில் முதல் ஆளாக நிற்பார்.

நான் கல்யாணமான மறு வருஷமே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். யார் என்ன பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் அண்ணன் என்னை டீச்சர் டிரெய்னிங்கில் சேர்த்தார். ஆனால் கொட்டகைக்கு அழைத்துப்போக மட்டும் அம்மா விடவில்லை. "நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் அண்ணன் படத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பேன். அவர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து முதல் காட்சியிலிருந்து சொல்லுவார்.

அண்ணனிடம் ஒரு படம் பாஸாவதற்கு ஒரே அளவுகோல்தான். "பாப்பா, இந்தப் படத்துல நமக்கு ஜாகா இருக்கு" என்பார். "எல்லாத்தையும் அவங்களே அழுது, அவங்களே சிரிச்சு முடிச்சுட்டா நாம எங்க உக்கார்றது? நமக்குன்னு கொஞ்சம் ஜாகா வுடணும்." தேவர்களும் அசுரர்களும் வரும் நம் படங்களில் அப்படி இடமே இல்லை என்பது அவர் கட்சி. பேசும் படம் வந்தபோது, "படத்துக்கு வாய் வளந்துபோச்சு. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள மெயில் வண்டி ஜோலார்பேட்டை தாண்டிடும்" என்று அலுத்துக்கொண்டார்.

ஊமைப்படக் காலத்திலேயே அண்ணி வந்துவிட்டார். கட்டிய மனைவியைக் கொட்டகைக்கு அழைத்துப்போக யார் தடை சொல்வார்கள்? சனிக்கிழமை மத்தியானம் அண்ணி பூ வைத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் அண்ணிக்குப் படத்தில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது. திரும்பி வந்ததும் இடைவேளையில் வாங்கிய கடலை கசந்ததைத்தான் முதலில் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். "பாப்பா, உலகத்துல இதுக்கு மேல படம் கெடையாது. மொதல்லயே அவன் செத்துடறான். பொண்டாட்டி அழறா. அதுக்கப்புறம்தான் கதையே. கடசீல அவன் வெயில்ல கதவத் தெறந்துக்கினு வெளிய நடந்து போறான். சாவ முன்னாடி காட்டிட்டு, உயிரோட அனுப்பி வைக்கிறான் பாரு!"

"செத்தவன் எப்பிடி எழுந்தான்னு நான் அங்கியே கேட்டேன். சும்மா இருன்னுட்டாரு" என்றார் அண்ணி. நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை பெட்டி எடுக்க வந்த கொட்டகை ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே, சனிக்கிழமை ரீல்களை முன்பின்னாக மாட்டிவிட்டதாகவும், யாரும் சத்தம் போடவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் முழுக்க அந்தப் படத்தின் பெருமை பேசி வைத்திருந்த அண்ணனின் முகம் எப்படி ஆகியிருக்கும்! அந்த வாரமே அண்ணியோடு மறுபடி போனார். வந்ததும், "இன்னிக்கு சரியா ஓட்டினாங்க. படம் கெட்டுப்போச்சு" என்றார். கெடாத படம் என்னிடம் இருக்கிறது. அது அண்ணியிடம் இல்லை.

மல்லேஸ்வரத்து நண்பர் ஒருவர் தம் வீட்டை விற்று, கம்பெனி எதையும் நம்பாமல், தாமே ஒரு படம் எடுத்தார். ஒரு கிணறு, இரண்டு பேர், மழை. அவ்வளவுதான். ஜனங்கள் பாதியில் எழுந்து போனார்கள். அண்ணன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கொட்டகை வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தார். "யாருக்கும் சலாம் போடாம எடுத்திருக்கான். பாத்துட்டுத் திட்டுங்க சார்" என்று போவோர் வருவோரைக் கெஞ்சினாராம். பக்கத்தில் அண்ணியும் நோட்டீஸ் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை.

யுத்த காலத்தில் சர்க்கரை வியாதியால் அண்ணனுக்குப் பார்வை போய்விட்டது. அம்மா அதற்குள் காலமாகியிருந்தார். "நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் அண்ணன். தலை நரைத்த பிறகு நான் முதல்முறையாகக் கொட்டகைக்குள் நுழைந்தேன். வந்து அவர் கட்டில் அருகில் உட்கார்ந்து படம் சொன்னேன். "அவ அழுதான்னு சொல்லாத, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்துச்சு சொல்லு" என்று குறுக்கே கேட்பார். ஒருநாள் படத்தில் இல்லாத காட்சி ஒன்றை என் இஷ்டத்துக்குச் சேர்த்துச் சொன்னேன். அருகிலேயே இருந்த அண்ணி காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு காலை அண்ணன் காப்பி கேட்டார். அண்ணி கொண்டுவருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பக்கத்தில் நான்தான் இருந்தேன். அந்த ஒன்றில் அண்ணியை முந்திக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வது?

கடைசிவரை வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த பார்சல் ஆபீஸ் நண்பர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்ற ஆபரேட்டருக்கும், காகிதம் கிடைக்காத இந்த நாளிலும் மலரை அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் இதுவரை எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் என்னமோ அனுபவிச்சேன்னு எழுதியிருக்க. கொட்டாயில அவரு என்கிட்ட பேசவே மாட்டாரு. ஜட்கா வண்டியில வர்றப்பவும் பேச மாட்டாரு. எல்லாத்தையும் சேத்து வச்சுக்கினு வந்து உன்கிட்ட கொட்டுவாரு. நான் உள்ள நின்னுக்கினு கேப்பேன். நான் பாத்த படத்த நீ கேக்கறப்பதான் எனக்கே புரியும். எனக்கு எவ்ளோ ஆத்திரமா இருக்கும் தெரியுமா?"

ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. காகிதங்களை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போகும் வழியில் அந்த ஜட்காவின் நினைவு வந்தது. கண்டோன்மெண்டிலிருந்து ஒக்கலிபுரம் வரை, பார்த்த படத்தை இருவரும் மனதில் வைத்துக்கொண்டு, அண்ணன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து வந்திருக்கிறார் அண்ணி. என்னோடு இருந்தபோது அண்ணன் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை.