எவாரிஸ்தோவின் ஆறு நிமிட நடை

நிகரகுவாவின் இந்தக் கரும்புக்காட்டுப் பக்கத்தில் சிறுநீரகம் கெட்டவனை யாரும் சிறுநீரக நோயாளி என்பதில்லை. "அவனுக்கு கிரியாட்டினின்" என்று ரத்தத்தில் ஏறும் கழிவின் பேரையே சொல்வார்கள், அவ்வளவுதான். கரும்பு வெட்டிய ஆண்களில் அது இல்லாதவனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். என் அக்கா தொமாசாவின் புருஷன் எவாரிஸ்தோவுக்கும் அதுதான்.

கத்தியெடுத்து வரிசையில் இறங்கினால் அத்தானை முந்த ஆளில்லை. வெட்டுப் பருவம் தொடங்குமுன் சர்க்கரை ஆலை டாக்டர் ஆள் பார்த்துத்தான் எடுப்பார். நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, நோயை மறைத்து உள்ளே நுழைவது எங்கள் ஆண்களுக்குக் கைவந்த கலை. வெயில் தின்று மிச்சம் வைத்த சிறுநீரகத்தை அத்தான் இப்படித்தான் தொலைத்தார். கடைசியில் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. ஆலை வெளியே தள்ளிவிட்டது.

இனி ஒரே வழி, உழைக்க முடியாதவர் என்று ஓய்வூதியம் வாங்குவது. அதற்கு மருத்துவமனை நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடந்துகாட்ட வேண்டும். போகிற தூரத்தை வைத்து உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று சொல்வார்கள்.

"இங்க பாருய்யா, அங்க போயி உன் வீறாப்பக் காட்டாத. மூச்சு வாங்குனா நில்லு. நடிக்கக்கூட வேணாம், உள்ளதக் காட்டு போதும்" என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். துணைக்கு என்னை அனுப்பினாள்.

முதலில் நன்றாகத்தான் தள்ளாடினார். நடைக்கூடத்துப் பெஞ்சில் முறைக்கும் முடிவுக்கும் காத்துப் பழைய வெட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் சிரிலோ, வருஷா வருஷம் கரும்பு வெட்டில் அத்தானுக்கு அடுத்தபடியாகவே வந்தவர்.

"என்னடா எவாரிஸ்தோ, கல்யாணப்பொண்ணாட்டம் நடக்குற? போன வாரம் நான் காத்தாப் பறந்தேன்!"

பெஞ்சே சிரித்தது. அத்தானின் முதுகு நிமிர்ந்தது.

"அத்தான், மெதுவா!"

"சும்மா இரு புள்ள. சிரிலோகிட்டயா நான் தோக்கணும்?"

மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென நடந்தார். பெஞ்சு கைதட்டியது. தூரத்தை அளந்த நர்சும் "பரவாயில்லையே!" என்றாள். வெளியே வந்து சுவருக்குப் பின்னால் குடல் வெளியே வருமளவு வாந்தியெடுத்தார். அதை அளக்க அங்கே யாருமில்லை.

'இலகுவான வேலைக்குத் தகுதியுள்ளவர்' என்று முடிவு வந்தது. ஓய்வூதியம் கிடையாது. காற்றாய்ப் பறந்த சிரிலோவோ தன் நடையில் பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அவருக்குக் கிடைத்தது.

மறுபடி நடந்துகாட்ட அடுத்த வருஷம் வரச்சொன்னார்கள். அதற்குள் அத்தான் போய்விட்டார்.

கல்லறைக்குப் போகிற வழியில் சிரிலோ அடிக்கடி நின்று மூச்சு வாங்கினார். "சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன், தொமாசா" என்று அழுதார். எனக்கு அவரை ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது.

பிறகு விதவை ஓய்வூதியம் கேட்டு அக்கா அதே அலுவலகத்துக்குப் போனாள். காகிதப்படி அவர் நோயாளியாக இருந்திருந்தால் தரலாமாம். என் அத்தான் வேலைக்குத் தகுதியுள்ளவராகச் செத்திருக்கிறார்.