இரண்டாவது குழல்

இலுப்பைப் பூ உதிரும் பங்குனி மாதத்தில் மயிலாடும்பாறைப் பக்கம் விடியற்காலையில் யாரும் தனியாகக் காட்டுக்குப் போகமாட்டார்கள். நாம் பொறுக்கப் போகிற அதே பூவுக்குக் கரடியும் வரும். பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் கரடி மலையை விட்டு இறங்கி, எங்கள் புஞ்சையை ஒட்டிய ஓடையிலேயே தங்கிவிட்டது.

கரடி ஆளைத் தின்னாது, முகத்தைத்தான் பிடுங்கும். அதனிடம் சிக்கிப் பிழைத்த ஆடு மேய்ப்பவர் ஒருவர் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வருவார். முகத்தைச் சுற்றிய துண்டை எங்கள் முன்னால் அவிழ்க்கமாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் குடிப்பார். அவர் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரர் ஜமீன் வேட்டைகளுக்குக் கூடப் போய்ச் சுடப் பழகியவர். அதனால் ஊரே அவரிடம் வந்து நின்றது. தாலுகா கச்சேரியில் அவர் பேருக்கு லைசென்ஸும் வாங்கியாயிற்று. துப்பாக்கிதான் இல்லை.

என் பிறந்த ஊரான அனுமந்தன்பட்டியில் ஒரு வேதக்காரக் கிறிஸ்தவர் இருந்தார். அணை வேலைக்கு வந்த ஒரு துரையிடம் சமையல் செய்தவர். அவரிடம் இரண்டு துப்பாக்கிகள் விலைக்கு இருப்பதாகத் தெரிந்து, நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். அந்த மனிதர் இரண்டையும் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினார். ஒன்று ஒற்றைக் குழல், நீளம், பிடியில் வெள்ளிப் பூ வேலை. ஒவ்வொரு வெடிக்கும் வாய் வழியாக வெடிமருந்து போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். இன்னொன்று இரட்டைக் குழல். கட்டையாக, கருப்பாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் கிடந்தது. பின்பக்கம் மடக்கித் தோட்டாவைப் போட்டால் முடிந்தது.

என் வீட்டுக்காரர் அந்தக் கருப்பைத்தான் முதலில் எடுத்தார். மடக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு குழலுக்குள்ளும் பார்த்தார். தோளில் வைத்தார். விசையை இழுத்து இழுத்து விட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா கனமா இருக்கு. தோள எட்டி ஒதைக்காது," என்றார்.

"மான் அடிக்கன்னா எது வேணாலும் போதும். கரடி நேரா வந்துச்சுன்னா ரெண்டாவது வெடிதான் உசுரு," என்றார் சமையல்காரர்.

"இது யாரு வச்சிருந்தது?" என்று கேட்டார் என் மாமியார்.

"எங்க துரைதான் வச்சிருந்தாக. பாவம், மலைக்காச்சல்ல போய்ட்டாக."

மாமியார் முகம் செத்துவிட்டது. மலை காவு வாங்கிய ஆளின் சாமானைத் தன் ஒரே மகன் தோளில் வைப்பதா? வெள்ளிப் பிடித் துப்பாக்கியை வைத்திருந்தவரோ பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் கிடந்து, நிம்மதியாகச் செத்தவராம். அதுதான் ராசியாம். அவர் கரடியைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று நான் கேட்டேன். என் வாய் அப்போதே அப்படித்தான்.

திரும்பும் வழியில் வீரபாண்டியில் வண்டியை நிறுத்தி, கௌமாரியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தார் மாமியார். சிவப்பு அரளி கருப்புத் துப்பாக்கிக்கு, வெள்ளை அரளி மற்றதற்கு. இரண்டையும் இலையில் மடித்துப் போட்டு, அங்கே நின்ற ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மாமியார் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பிள்ளை கையக் காலக் கழுவாம எடுத்துருச்சு. இன்னொருக்காப் பாப்போம்," என்றார்.

"ஆத்தாகிட்டயே பேரம் பேசுறீகளா அத்தை? ஒருக்காச் சொன்னதுக்கு மேல கேக்கலாமா?"

"நீ சும்மா இரு," என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய அம்மா அழ ஆரம்பித்திருந்தார். அம்மா அழுதால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இரண்டாவது முறை வெள்ளை வந்தது. மறுநாளே அவர் புறப்பட்டுப் போய் அந்த அழகு சாமானை வாங்கி வந்தார். வந்த ராத்திரி அதைத் துடைத்துக்கொண்டே, "குறி சரியா இருந்தா ஒரு வெடி போதும்டி," என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

அவர் ஓடைக்குப் போன அன்று விடியும்போது, பிள்ளைகள் உள்ளே தூங்க, நான் வாசலில் நின்றேன். ஓடைப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் வந்தது. அடுத்த சத்தத்துக்காக நின்றேன். காக்காய்கள் கலைந்து பறந்து, திரும்ப மரத்தில் உட்கார்ந்தும்விட்டன. நான் நின்றுகொண்டே இருந்தேன். இன்றைக்கும் சில விடியலில் அப்படித்தான் நிற்கிறேன். மருமகள்கள் வந்து உள்ளே கூட்டிப் போகிறார்கள்.

அவரை வேட்டியால் மூடித்தான் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. துப்பாக்கியில் ஒரு கீறல்கூட இல்லை. கெட்டிக்கிற கம்பி பாதி குழலுக்குள் இருந்தது. கனவில் அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்தக் கம்பியால் குத்திக்கொண்டே இருப்பார். சீக்கிரம், சீக்கிரம் என்று கத்துவேன். திரும்பமாட்டார். திரும்பிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு மாமியாரிடம் கேட்டேவிட்டேன். "மொத வாட்டி வந்த பூவ ஏன் அத்தை நம்பல?" கேட்டதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கு இருந்தாலும் கேட்பேன்.

அவர், "ரெண்டாவது வாட்டி ஆத்தா ஏன் மாத்திச் சொன்னா?" என்றார். அதோடு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கோடை முடிவதற்குள் வருசநாட்டுப் பக்கத்து வேட்டைக்காரர்கள் அந்தக் கரடியைக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தேடி வந்து, கும்பிட்டுவிட்டு நின்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.

"ஒங்க வீட்டுக்காரக குண்டு அது தோள்லயே கெடந்துச்சு ஆத்தா. அவுக குறி தப்பல. தப்பியிருந்தா சத்தத்துக்கே அது ஓடிப்போயிருக்கும். அடி பட்டதுனாலதான் ஆளு மேல வந்துருச்சு."

அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். ஊரிலேயே குறி தப்பாத ஆள் என்று பெருமையாகச் சொல்லித்தான் என்னை என் வீட்டுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ஒரு காலையில் மட்டும் அவர் குறி தப்பியிருக்கக் கூடாதா?