பூட்டில்லாத கொட்டகையும் என் தங்கையின் காய்ச்சலும்

1. பாகாலா ரயில் நிலையத்தில் என் தங்கை கோமளாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு, கூட்டி வந்தவன் போய்விட்டான்.
2. மறுநாள் மதியம் வரை அவள் அங்கிருந்து எழவில்லை.
3. போர்ட்டர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அக்கா சித்தூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்று மட்டும் சொன்னாள். அவரே அழைத்து வந்து விட்டார்.
4. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். இடுப்பின் வலப்பக்கம் தொட விடவில்லை.
5. அவளுடைய சிறுநீரை நானே நுண்ணோக்கியில் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் சீழணுக்கள் (கிருமியோடு போராடி மடிந்த வெள்ளை அணுக்கள்).

நான் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளர். ஏமாற்றி அழைத்துப் போகப்பட்ட ஒருத்தி திரும்பி வந்திருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தவறு உங்களுக்குப் பயன்படலாம்.

எங்கள் ஊர் பிச்சாட்டூருக்குப் பக்கம், ஆந்திராவும் மதராஸும் உரிமை கோரும் எல்லையில். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலை என்று ஊர்க்காரப் பெண்ணொருத்தி நைனாவிடம் (அப்பாவிடம்) சொல்லி இவளை அழைத்துப் போனாள். அங்கே வீடும் இல்லை, குழந்தையும் இல்லை. வரிசையாக மணை போட்டு அப்பளம் இடும் கொட்டகை. ஒன்றரை வருஷம். காய்ச்சலில் வேலைக்கு ஆகாமல் போனதும் ஆள் வைத்துப் பாகாலாவில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். சுகமாக இருப்பதாகக் கடிதங்கள் வந்தன. ஒன்றுகூட அவள் கையெழுத்தில் இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

சல்பா மாத்திரை (கிருமி பெருகாமல் தடுப்பது) பத்து நாளில் காய்ச்சலை இறக்கியது. இரண்டு வாரம் கழித்து அதே குளிர், அதே வலி.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். "மருந்து சரிதாம்மா. இப்படி மறுபடி மறுபடி வந்தா கிட்னி (சிறுநீரகம்) தாங்காது. ரோஜுக்கு (ஒரு நாளைக்கு) எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறே?" என்று கேட்டார்.

கோமளா பதிலுக்கு என் முகத்தைப் பார்த்தாள்.

மருந்து வேலை செய்கிறது, நோய் திரும்புகிறது. காரணம் என்ன என்று யோசித்தேன். குடிநீரைச் சோதித்தேன், பாத்திரங்களைக் கொதிக்க வைத்தேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் அவளையே கவனித்தேன். காலையிலிருந்து பொழுது சாயும் வரை அவள் கொல்லைப்பக்கம் போகவே இல்லை. கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறுநீரை அடக்கி வைத்தால் கிருமி உள்ளேயே தங்கிப் பெருகும்.

"ஏன்டி அடக்கிக்கினு கீற?"

"போவலாமாக்கா?"

கொட்டகையில் நாளைக்கு இரண்டு தடவை, மேஸ்திரி சொல்லும்போது மட்டும் போகலாமாம்.

"கதவ பூட்டிக்கினு இருந்தானா?"

"பூட்டே கிடையாதுக்கா."

"அப்ப ஏன்டி ஓடி வரல?"

இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். சோற்றைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதில் துண்டு துண்டாகப் பல நாட்களில் வந்தது.

"நான் எழுந்து போனா பக்கத்து மணைக்காரிக்கு சோறு கிடையாது. அவ எழுந்தா எனக்குக் கிடையாது. அவ பட்னி கிடக்கறத பாத்துக்கினு நான் எப்டி போறது?"

இன்னொரு நாள் சொன்னாள்: "உங்க ஊரு ஆந்திராவா மதராஸான்னு கவர்மெண்டுக்கே தெர்ல, உங்கள எந்த போலீசு தேடுவான்னு மேஸ்திரி சிரிப்பான். பேப்பர்ல எல்லைத் தகராறு வந்தா எங்களுக்குப் படிச்சிக் காட்டுவான்."

செய்தி உண்மைதான். அதை வைத்து அவன் சொன்னது பொய். சுவரை விட அது உறுதியாக நின்றிருக்கிறது.

எனக்கு எதற்கும் பட்டியல் வேண்டும். ஆறு மணி, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். வேலைக்கு நடுவே ஓடி வந்து, "மணி ஆச்சு, போ" என்பேன். போனாள். மூன்று வாரம் சிறுநீர் தெளிவாக இருந்தது. டாக்டரம்மாவிடம் மேஸ்திரியின் கதையையும் என் பட்டியலையும் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு ஆஸ்பத்திரி வேலையாக இரண்டு நாள் திருப்பதிக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாயில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் நூற்று மூன்று.

"சுவத்துலதான் எழுதிக்கீதே, கோமளா?"

"நீ சொல்லலியேக்கா."

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "நுவ்வு (நீ) நல்ல மேஸ்திரிம்மா. அவளுக்கு நல்லதோ கெட்டதோ, மேஸ்திரிதானே?"

அன்றே பட்டியலைக் கிழித்தேன். அடுத்த வாரங்கள் அதைவிடக் கடினமாக இருந்தன. "போவலாமா?" என்று கேட்டால், "உனக்கு எப்டி இருக்குது?" என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அடிவயிறு கனப்பது, அது வலியாவதற்கு முன் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. ஒருமுறை பாவாடை நனைந்து அழுதாள். "தொவைச்சா போச்சு" என்றேன். குழம்புக்குக் காய் எது, சன்னலைத் திறக்கலாமா மூடலாமா, எல்லாவற்றையும் அவளிடமே விட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றதுதான் எங்கள் வைத்தியத்தில் அதிக நாள் பிடித்தது.

ஒரு மாலை சல்பா மாத்திரையை எப்படி விழுங்க வேண்டும் என்று அவளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்தாள்.

"எங்கடி போற?"

"மூச்சு விடறதுக்கும் மணி போட்டு வெச்சிக்கிறியா நீ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கொல்லைப்பக்கம் போனாள்.

இப்போதைய நிலை இது. இரண்டு மாதமாகச் சீழணுக்கள் இல்லை. குளிர் நாட்களில் வலது இடுப்பு வலிக்கிறது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளலாமா என்று இன்னும் கேட்கிறாள். கொட்டகையில் இன்னும் இருக்கும் பெண்களைப் பற்றிப் போலீசில் சொல்ல வேண்டும் என்று அவளே ஆரம்பித்தாள். என்றைக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் ஆறேழு தடவை எழுந்து போகிறாள். எத்தனை என்று நான் எண்ணுவது அவளுக்குத் தெரியாது. அதையும் நிறுத்த வேண்டும்.