டிவி கேட்டு வளர்த்த எலுமிச்சை

தையல்காரிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். நாத்தனார் கொடுத்த எலுமிச்சையை என்றைக்காவது ஒருநாள் நாத்தனாரே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்கிற பயம்.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு மூத்தவள். இளையவள் ஒருத்தியும் உண்டு. அவள் யார் வம்புக்கும் போகாதவள், அவளை இதில் இழுக்க வேண்டாம். மூத்தவளுடைய மாமியாருக்கு ஒரு தங்கை இருந்தாள். அந்தத் தங்கை வீட்டுக் கொல்லையில் நின்ற எலுமிச்சை, இலை தெரியாமல் காய்க்கும். அதில் பதியன் போட்டு இரண்டு கன்று எடுத்தார்கள். ஒன்றை நாத்தனார் வைத்துக்கொண்டாள், ஒன்றைத் தம்பி பெண்டாட்டிக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "காய்க்க வை. இல்லேன்னா நானே வந்து எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றும் சொல்லித்தான் கொடுத்தாள். அப்புறம் கொல்லை மரமும் போயிற்று, நாத்தனார் வைத்துக்கொண்ட கன்றும் பட்டுப்போயிற்று. அது எப்படிப் பட்டுப்போனது என்று அவளிடம் கேட்கிற தைரியம் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது.

ஆக, மிஞ்சியது தையல்காரி வீட்டு இரண்டாம் மாடி பால்கனியில், நீல டிரம்மில் நின்ற ஒன்றுதான். இலை இலையாக விட்டது, முள் முள்ளாக விட்டது. காய் என்கிற பேச்சே இல்லை. ஆனாலும் அதன்மேல் அவளுக்கு உயிர். அவள் கைக்கு வருகிறதெல்லாம் அடுத்தவர் சட்டை, அடுத்தவர் பாவாடை. தைத்து முடித்ததும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். போகாமல் அவளோடு நின்றது அந்த மரம் ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் தோட்ட நிகழ்ச்சி வரும். தொப்பி போட்ட ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பார். நாத்தனாருக்கு அவர் வாய்ச்சொல் வேதவாக்கு. "அவர் சொல்றத செஞ்சா கல்லுகூட காய்க்கும்" என்று போனில் ஓதிக்கொண்டே இருப்பாள். சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று தையல்காரியும் ஆரம்பித்தாள்.

கேட்கத்தான் முடிந்தது. மெஷின் ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு நேரே இருந்தது. டிவியின் பிளக் எதிர்ச்சுவரில். அதனால் டிவி எப்போதும் அவள் முதுகைப் பார்த்துத்தான் பேசும். சனிக்கிழமை என்றால் துணி குவிந்து கிடக்கும். திரும்பினால் தையல் கோணும். தொப்பிக்காரரோ கையைக் காட்டியே பேசுகிற ஆள். "இந்த இடத்துல, இவ்வளவு விட்டு, இப்படி வெட்டுங்க" என்பார். எந்த இடம், எவ்வளவு, எப்படி? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பஸ் ஓட்டிக் களைத்து வந்து படுத்திருக்கும் புருஷன்தான் அவளுக்குக் கண்.

"ஏங்க, இலை இந்த நிறத்துக்கு வந்தா நோயின்னு சொல்றாரே, எந்த நிறம்?"

"பச்சை."

"பச்சையா இருந்தா நோயா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

"ஒரு மாதிரி பச்சைம்மா."

"பச்சைல நாப்பது பச்சை இருக்கு. அந்த நூல் டப்பாவ எடுத்து வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

மனுஷன் எழுந்து, நூல்கண்டை ஒவ்வொன்றாக எடுத்து டிவித் திரையில் ஒட்டவைத்துப் பார்த்தார். பாதியில் தொப்பிக்காரர் இலையை விட்டுவிட்டு வேறு தொட்டிக்குப் போய்விட்டார்.

"கெடச்சுதா?"

"இருடி, இப்ப கத்தரிக்காயக் காட்டுறாரு. ஊதா வேணுமா?"

கடைசியில் குத்துமதிப்பாக ஒரு வெளிறிய பச்சைக் கண்டை எடுத்து நீட்டினார். தையல்காரி அதைக் கொண்டுபோய் மரத்தில் வைத்துப் பார்த்தால், மரம் முழுக்க நோய். வைத்தியம் தொடங்கியது. ஒரு வாரம் முட்டை ஓடு, ஒரு வாரம் வாழைப்பழத் தோல், ஒரு வாரம் வெங்காயத் தோல் ஊறின தண்ணீர். அதற்கும் மேலே உரக்கடை வெள்ளை உப்பு. கல்யாண வீட்டுப் பந்திகூட அவ்வளவு தின்றிருக்காது. எறும்பு வரிசை கட்டி வந்தது. கீழ்வீட்டு அம்மா உலர்த்தின படுக்கை விரிப்பில் வெங்காயத் தண்ணீர் சொட்டி, மாடிப்படியில் ஒரு சண்டையும் நடந்தது. மரம் மட்டும் இலையைக் கொட்டிக்கொண்டு, சும்மா விடேன் என்கிற மாதிரி நின்றது.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, தைத்த பேண்ட் ஒன்றைப் பிரிக்க வேண்டி வந்தது. பிரிப்பதற்கு மெஷின் வேண்டாம். துணியை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் தொப்பிக்காரரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள்.

அவர் ஒரு கன்றைத் தொட்டியில் நட்டார். மண்ணைத் தட்டினார். விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்ததும், "மூணு மாசத்துக்கு அப்புறம் பாருங்க!" என்றார். தொட்டி நிறையக் காய்.

தையல்காரி காயைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். தொழில் புத்தி அப்படித்தானே போகும்.

"ஏங்க, அந்த ரெண்டாவது பட்டனப் பாருங்க. மத்ததெல்லாம் நீல நூலு, அது மட்டும் வெள்ளை நூல்ல தச்சிருக்கு. நடும்போதும் அதே சட்டைதான்."

"பிடிச்ச சட்டையா இருக்கும்."

"பாக்கெட்டு ஓரத்துல மண்ணு ஒட்டியிருக்கே, அதுவும் அதே இடத்துல."

"துவைக்கல போல."

"மூணு மாசமாவா! அவர் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா? அது வேற செடிங்க. ஏற்கெனவே காய்ச்சத கொண்டாந்து வச்சுட்டு, என்னைய வெங்காயத்தோல ஊறப்போடச் சொல்லியிருக்காரு!"

அதோடு விட்டிருந்தால் ஒரு பொல்லாப்பும் இல்லை. நாக்கு சும்மா இருந்தால்தானே? அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டுச் சட்டைக் கதையைச் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் ஆடிப்போகவில்லை. ஆத்திரப்பட்டாள். "மரம் வளக்க வக்கில்ல, அவர் சட்டையில குத்தம் கண்டுபிடிக்கிறியா? உன்கிட்ட இருந்தா அது என்னைக்கும் காய்க்காது. என் மாப்பிள்ளைகிட்ட வேன் இருக்கு. அவருக்கு லீவு கெடைக்கட்டும், வந்து எடுத்துக்கறேன்!"

தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. அழுதுகொண்டே தைத்தாள். டிவி அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே என்று விட்டுவைத்தாள். மரத்துக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். அதுவும் வேலையோடு வேலையாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நல்லா இருக்கிறாயா என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. விட்டுப் போகிறதை எதற்குப் பார்த்துப் பார்த்து மாய வேண்டும்?

இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தேவிட்டாள். பின்னால் கயிறும் கையுமாக அவள் மாப்பிள்ளை. பஸ்ஸில் எத்தனையோ சண்டையைத் தீர்த்துவைத்த தம்பி, அக்காவைக் கண்டதும் குளியலறையில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"டேய் தம்பி, வெளிய வா. டிரம்ம ஒரு கை பிடி."

"குளிச்சிட்டிருக்கேங்க்கா."

"தண்ணி சத்தமே கேக்கலையேடா."

உடனே தண்ணீர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தலை நனைந்து, சட்டையும் நனைந்து வெளியே வந்தார்.

மாப்பிள்ளையும் அவருமாக டிரம்மைப் பால்கனிக் கதவு வரைக்கும் இழுத்தார்கள். அங்கே நின்றுபோயிற்று. உள்ளே வரும்போது மரம் குடைக்கம்பி தடிமன். இப்போது இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு, நான் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டது. முள் திரைச்சீலையைக் கிழித்தது, மாப்பிள்ளை புறங்கையையும் கிழித்தது.

"அத்தை, கிளைய வெட்டுனாத்தான் இது வெளிய வரும்."

"வெட்டுங்க மாப்பிள்ளை. ஏம்மா, அந்தப் பெரிய கத்தரிய எடு."

அதுவரைக்கும் சுவரோடு சுவராக நின்ற தையல்காரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அது துணி வெட்டுற கத்தரி அண்ணி. காகிதத்துலகூட வைக்க மாட்டேன். மரத்த வேணா கொண்டுட்டுப் போங்க, கத்தரியக் கேக்காதீங்க."

"அடேயப்பா!" என்று நாத்தனார் சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தாள். எந்தக் கிளை என்று குனிந்து பார்த்தாள். பார்த்தவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"இங்க வா. இது என்ன?"

இலைக்காம்பு ஓரத்தில் அரிசி மணி மாதிரி, லேசாக ஊதா ஓடி, கொத்துக் கொத்தாக.

"பூச்சி முட்டையா அண்ணி?"

"பூச்சி முட்டையா! மொட்டுடி, மொட்டு! அங்க பாரு, அந்தக் கிளைலயும் இருக்கு. என்ன போட்ட? அவர் சொன்ன வெங்காயத் தண்ணியா?"

"ஒண்ணுமே போடல அண்ணி. வெறும் தண்ணி."

நாத்தனார் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கத்தியோடு நின்றாள். மொட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இதே மாதிரி ஒரு கன்று தன் வீட்டில் குச்சியாய்ப் போனது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது.

"மொட்டு வச்ச கிளைல கத்தி படக்கூடாதுன்னு அவர் சொல்லியிருக்காரு."

தையல்காரிக்கு வெள்ளை நூலும் தெரியும், பாக்கெட் மண்ணும் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் தொப்பிக்காரரை அவளைப்போல நம்பினவள் உலகத்திலேயே கிடையாது.

"அவர் சொன்னா சரியாத்தான் அண்ணி இருக்கும்."

"இப்பச் சொல்லு! அன்னைக்கி போன்ல என்ன பேச்சு பேசுன?"

"தெரியாம பேசிட்டேன் அண்ணி. நல்ல மனுஷன்."

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடியும் குளியலறைப் பக்கம் போனார். நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பூ காயாகட்டும். அதுவரைக்கும் இங்கேயே நிக்கட்டும்."

"காய் வந்தா முதல் காய் உங்களுக்குத்தான்."

"ஒத்தக் காயா? பாதி!"

"பாதி அண்ணி."

மாப்பிள்ளை புறங்கையை ஊதிக்கொண்டே டிரம்மைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். "அப்ப கயித்த வேன்ல போட்டுட்டு நான் கெளம்பவா அத்தை?"

"கெளம்புங்க மாப்பிள்ளை. நான் பூ விரியறதப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்று சொல்லி, நாத்தனார் பால்கனியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தையல்காரி உலை வைக்கப் போனாள். ஒரு ஆள் கூடுதலாகவே அரிசி போட்டாள்.