கண்ணாடிக் குருவி

எங்கள் ஆட்களில் அன்றைக்கு அங்கே நின்றவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அக்கா, அம்மாவின் தம்பியான மாமா, பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை. இந்தக் கதை வரும்போதெல்லாம் மிசிசாகாவில் இருக்கிற எங்கள் அன்ரி தானும் நின்றதாகச் சொல்லுவா. அவ நின்றிருந்தால் ஐம்பது டொலரைக் கைமாற்றாகத் தந்திருப்பா, கதையே இல்லாமல் போயிருக்கும்.

நாங்கள் கனடா வந்து அது இரண்டாவது மார்கழி. தொண்ணூறுகளின் தொடக்கம். மோர்னிங்சைட் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் கிறிஸ்மஸ் சந்தை போட்டிருந்தார்கள். பலகையால் அடித்த சின்னச் சின்னக் கடைகள், மேலே மின்விளக்குச் சரங்கள், நடுவில் ஒரு தகரப் பீப்பாவுக்குள் விறகு எரிந்துகொண்டிருந்தது. மாமா எங்களுக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர். கனடாவைப் பற்றி அறிவதற்கு இனி மிச்சம் ஒன்றும் இல்லை என்ற மாதிரித்தான் நடப்பார். பார்க்கிறதுக்குக் காசு கேட்கமாட்டார்கள், நாலு படம் எடுத்து ஜெர்மனியில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பலாம் என்று சொல்லித் தன்னுடைய பழைய காரில் எங்களை அடைத்துக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு வர விருப்பமில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய அகதி வழக்கு விசாரணை. அதுவரைக்கும் ஒரு கரைச்சலிலும் மாட்டக்கூடாது என்று லோயர் சொன்னாரோ, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரோ தெரியாது. அந்த மாதம் முழுக்க, வாகனமே இல்லாத தெருவைக்கூட அவர் சிவப்பு லைட்டில் கடக்கவில்லை. விமான நிலையத்தில் கொடுத்த, அவருடைய படம் ஒட்டிய கடதாசியைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊசியால் குத்தி மூடியிருந்தார். விசாரணைக்கு அந்தக் கடதாசியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது. கண்ணாடிச் சாமான் விற்கிற கடைக்கு முன்னால் அம்மா மூன்று தரம் சொன்னா, தொடாதே என்று. நான் சொல்வழி கேட்காத பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்தே ஒரு நீலக் குருவியைத் தூக்கினேன். கம்பளிக் கையுறை வழுக்கியது. குருவி நிலத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தது. வால் துண்டில் விலைச் சீட்டு அப்படியே தொங்கியது: முப்பத்தெட்டு டொலர்.

கடைக்காரி சிவப்புத் தொப்பி போட்டிருந்தாள். அவள் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். பரவாயில்லையாம் என்று அக்கா அப்பாவுக்குச் சொன்னாள். அப்பாவின் காதில் அது விழவில்லை. ஏனென்றால் அதற்குள் சந்தையின் காவலாள் எங்களை நோக்கி வந்துவிட்டான். நீலச் சீருடை, இடுப்பில் வோக்கிடோக்கி. அவன் நேரே வந்து என் கையைப் பிடித்து, வெட்டுக் காயம் இருக்கிறதா என்றுதான் பார்த்தான். அப்பா பார்த்தது சீருடையை மட்டும்.

அவர் பையின் ஊசியைக் கழற்றினார். பிறகு அந்தக் கடதாசியை எடுத்து இரண்டு கையாலும் காவலாளிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. முழித்தான். அவன் வாங்காததால், நாங்கள் செய்தது இன்னும் பெரிய குற்றம் என்று அப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். கடதாசியைக் கடைக்காரிக்கு முன்னால் பலகையில் வைத்தார். ஊரில் ஆமிக் காம்ப் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், அலுவலை முடித்துத் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். இந்த நாட்டில் அப்படி இல்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

“காசைக் கொண்டுவந்து தந்திட்டு எடுக்கிறன் எண்டு சொல்லு” என்றார். அக்கா பாதியை ஆங்கிலத்தில் சொன்னாள், மீதியை அழுதாள். அப்பா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பின்னால் சத்தம் கேட்டது.

“கூப்பிடுகினம், அப்பா” என்றாள் அக்கா.

“திரும்பிப் பாராதை. நட.”

மாமா கோப்பி வாங்கப் போயிருந்தார். அவர் வந்ததும், வீட்டுக்குப் போவம் என்று மட்டும் அப்பா சொன்னார். கார் கொஞ்சத் தூரம் ஓடியது.

“என்ன அத்தான், செத்த வீட்டுக்குப் போட்டு வாற மாதிரி இருக்கிறியள்?”

அம்மா மெல்லிய குரலில் நடந்ததைச் சொன்னா. மாமா காரை ஓரத்தில் நிறுத்தினார்.

“இஞ்ச ஆர் உங்களிட்டப் பேப்பர் கேட்டது?”

“யூனிபோம் போட்டவன் வந்தால் குடுக்கத்தானே வேணும்.”

“அது இல்லாமல் செவ்வாய்க்கிழமை ஆரெண்டு சொல்லிப் போய் நிக்கப் போறியள்?”

எல்லாருடைய பையையும் தட்டிப் பார்த்ததில் பதினொரு டொலர் சேர்ந்தது. மாமா காரைத் திருப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பனி விழுந்தது. விளக்குச் சரங்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கடையின் பலகைக் கதவு சாத்தியிருந்தது. அப்பா அதை உள்ளங்கையால் தட்டினார். திரும்பவும் தட்டினார். நான் உடைத்தது குருவியை அல்ல என்று எனக்கு அப்போது விளங்கியது. செவ்வாய்க்கிழமை எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், என்னால்தான் அனுப்புவார்கள். பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்த புத்தகம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று யோசித்தேன்.

அக்காதான் கண்டாள். தகரப் பீப்பாவுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புத் தொப்பி நின்றது, காவலாளும் நின்றான். மற்றவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவள் கோட்டைத் திறந்து உள்ளிருந்து கடதாசியை எடுத்தாள். கண்ணாடிச் சாமான் சுற்றுகிற மெல்லிய வெள்ளைத் தாளில் அதைச் சுற்றி வைத்திருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பாவின் கையில் வைத்தாள், அவ்வளவுதான்.

அப்பா பதினொரு டொலரையும் நீட்டினார். அவள் தள்ளினாள். இவர் திரும்ப நீட்டினார். “விடுங்கோ அத்தான், வேண்டாமாம்” என்று மாமா சொல்லியும் அப்பா விடவில்லை. கடைசியில் அவள் வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை தருவதாக அக்காவைக்கொண்டு சொல்லவைத்தார்.

காரில் பின் சீட்டில் எங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, அந்த வெள்ளைத் தாளைப் பிரிக்காமல் மடியில் வைத்தபடி அப்பா அழுதார். எங்கள் அடுக்குமாடி வளாகம் வரும்வரைக்கும் அழுதார். மாமாகூட ஒரு பகிடியும் விடவில்லை. அப்பா என்னை ஏசவில்லை, அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிழை இல்லாமல் முடிந்தது. சனிக்கிழமை காசோடு போனோம். அங்கே கார்கள் மட்டும் நின்றன. சந்தை அந்த ஒரு வார இறுதிக்குத்தானாம். கடை போட்டவர்கள் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள், விலாசம் தெரியாது என்று தேவாலயத்தில் சொன்னார்கள்.

பெரியம்மாவைப் பார்க்க ஜெர்மனிக்குப் போனபோதும், ஒரு கலியாணத்துக்கு லண்டன் போனபோதும் இப்படியான சந்தைகளைச் சுற்றியிருக்கிறேன். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நடப்பேன். கண்ணாடிக் கடை வந்தால் தள்ளி நின்று கடைக்காரியின் முகத்தை மட்டும் பார்ப்பேன்.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். ஊரில் ஒரு நாள் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிப் பொயின்றில் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார்கள், கொடுத்தார். அட்டையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எனக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னா. அதுவரைக்கும் அப்பா அன்றைக்குக் காசுக்காகத்தான் அழுதார் என்று நினைத்திருந்தேன். ஒன்பது வயதில் எனக்குக் கழித்தல் கணக்கு நன்றாக வரும். முப்பத்தெட்டில் பதினொன்று போனால், கொடுக்க இருப்பது இருபத்தேழு டொலர்.